திரைக்கு வராத பாஸ்வேர்டு

லினக்ஸ் இயங்குதளத்துக்குப் புதியவரான தணிகைவேல் ஒரு மென்பொருளை நிறுவ உட்கார்ந்தார். கட்டளையைத் தட்டியதும் கணினி பாஸ்வேர்டு கேட்டது. அதையும் தட்டினார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. மறுபடி தட்டினார், பிறகு குத்தினார்.

“என்னடா, செத்துட்டியா?” என்று கீபோர்டைச் சீண்டியது மவுஸ்.

“எல்லா எழுத்தும் உள்ளே போயிடுச்சு. பாஸ்வேர்டை லினக்ஸ் வெளியே காட்டாது. எண்டரைத் தட்டினா போதும்!” என்று பதறியது கீபோர்டு.

“அதைக் குப்பைக்கூடைகிட்ட சொல்லு.”

கீபோர்டு கூடைக்குத்தான் போனது. தணிகைவேல் புதியதை வாங்கிவந்து செருகித் தட்டினார். அப்போதும் புள்ளி விழவில்லை. அவருடைய பார்வை மெல்ல மவுஸின் பக்கம் திரும்பியது.

“அண்ணே,” என்று கூடையைப் பார்த்துக் குழைந்தது மவுஸ், “அந்த எண்டர் விஷயத்தைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன்.”