ஒன்றரை பவுண்டு

தராசு நூற்றுப் பதிமூன்றரை காட்டியது. நூற்றுப் பன்னிரண்டு பவுண்டுக்கு மேல் ஒரு துளி கூட இருக்கக் கூடாத குத்துச்சண்டை.

"எதுக்கும் இன்னொரு தடவை ஏறிப் பாருப்பா" என்றார் எடை பார்க்கும் அதிகாரி ஹோல்கம் அம்மா.

எங்கள் பையன் எலிசியோ ஜட்டியையும் கழற்றிவிட்டு ஏறினான். நானும் மாஸ்டர் பெனிட்டோவும் முன்னால் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதே நூற்றுப் பதிமூன்றரை.

ஓட்டல் ஹாலே சிரித்தது.

"கல்யாண விருந்துக்குப் போயிட்டு வர்றியா மாப்ளே?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

எனக்கு மானமே போனது. பையனுக்கு இருபது வயசு. பதினொரு சண்டை, பதினொன்றிலும் ஜெயம். நாளைக்கு ஜெயித்தால் முதல் சாம்பியன் பெல்ட். பெல்ட் கிடைத்தால் நாலு வருஷ ஒப்பந்தம். அதற்கான காகிதத்தோடு லாஸ் வேகஸ் புரமோட்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தின்னிப்பண்டாரம் வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து நிற்கிறது!

அதுவும் எப்பேர்ப்பட்ட சான்ஸ்! எதிராளி டெரன்ஸ் இதே ஓட்டல் நீராவி அறையில் கருவாடாகக் காய்ந்து கிடந்ததை விடிகாலையில் நானே பார்த்தேன். இன்னும் ரெண்டு பவுண்டு இறக்கியாக வேண்டும், எழுந்து உட்காரக்கூட முடியவில்லை அவனால். நாளைக்கு ரெண்டே ரவுண்டு, ஆள் காலி என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"ஏன்டா, காலையில ஏழு மணிக்கு ஜிம்முல நூத்திப் பதினொன்னரைதானடா இருந்தே? மிச்சம் ரெண்டு பவுண்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"டாக்கோ சாப்பிட்டேண்ணே. மூணு. அப்புறம் ஒரு பாட்டில் தண்ணி."

மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "எடை பாக்குற அன்னைக்கு எவனாவது டாக்கோ திம்பானாடா? மதியம் வரைக்கும் வாயைக் கட்ட முடியலையா உனக்கு? எறங்குனதும் ஒரு அண்டா வாங்கித் தந்திருப்பேனேடா!"

"ஒரு மணி நேரம் டைம் இருக்கு" என்றார் ஹோல்கம் அம்மா.

எனக்கு உயிர் வந்தது. ஒன்றரை பவுண்டு என்ன பிரமாதம்? பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு வியர்வை கொட்ட ஓடினால், ஓடும்போதே கப்பில் துப்பிக்கொண்டிருந்தால், இறங்கிவிடும். சான் அன்டோனியோவில் இதைச் செய்யாத பாக்ஸர் கிடையாது.

மாஸ்டர் உடுப்பை நீட்டினார். "மாட்டிக்கிட்டு ஓடு."

"ஓட மாட்டேன் மாஸ்டர்."

"என்னது?"

"முடியாது மாஸ்டர். கால் வலிக்குது."

சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தான். அடப்பாவி! முப்பது வருஷமாக ரிங் மூலையில் நின்று பாக்ஸர்களின் காயத்துக்கு மருந்து வைக்கிறவன் நான். நாலு பேர் கைதட்டினதும் தலைகால் புரியாமல் ஆடிய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு திமிர் பிடித்தவனைப் பார்த்ததில்லை.

முன்வரிசைக்காரர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "நாக்கை அடக்கத் தெரியாதவன் எனக்கு எதுக்கு?" என்று எழுந்து போனார். மாஸ்டர் வாசல் வரை கெஞ்சிக்கொண்டே போனார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி ஒரே வழிதான். டெரன்ஸ் பக்கம் சம்மதித்தால் நூற்றுப் பதினாலு பவுண்டுச் சண்டை என்று மாற்றி எழுதலாம். ஆனால் பெல்ட் கிடையாது.

இந்த மாதிரி நேரத்தில் எதிராளி சும்மா விடமாட்டான், பணம் கேட்டுக் கழுத்தைப் பிடித்து நெரிப்பான். டெரன்ஸின் அப்பாவோ பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் டெரன்ஸை இரண்டு பேர் தோளைப் பிடித்து அழைத்து வந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"நூத்திப் பதிமூணே முக்கால். சரியா இருக்கு" என்றார் ஹோல்கம் அம்மா.

அப்பா தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தார். அவனால் மூடியைத் திறக்க முடியவில்லை. அவரே திறந்து வாயில் வைத்தார். மடக் மடக்கென்று குடித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எலிசியோ பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"பாருடா அவனை. அந்த ரெண்டு பவுண்டையும் எறக்கியிருந்தான்னா நாளைக்கு நிக்கக்கூடத் தெம்பு இருந்திருக்காது. ஒரே குத்துல விழுந்திருப்பான்."

"ஆமாண்ணே. விழுந்திருப்பான். எந்திரிச்சிருக்க மாட்டான்."

நான் அவனையே பார்த்தேன். ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டிருந்தான்.

"டேய்... அதுக்காகவா தின்னே? ஹோல்கம் அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவனுக்குத் தடை போட்டு ஊருக்கு அனுப்பிடுவாங்க. இப்போ திட்டு எனக்கு மட்டும்தானேண்ணே."

"அவன் அப்படிக் கிடந்தது உனக்கெப்படிடா தெரியும்?"

"நீங்கதானேண்ணே காலையில ஜிம்முக்குள்ள சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னீங்க? அதைக் கேட்டுட்டுத்தான் நான் சாப்பிடவே போனேன்."