கவிழ்த்த மரக்கால்

தோப்பிலுள்ளவர்கள் சேமித்த கம்பு தானியத்தை அணில்தான் வாங்கி வைத்து, வேண்டியவர்களுக்குக் கடன் கொடுத்து வந்தது. மழை பொய்த்த வருஷம் ஒரு கடனும் திரும்பவில்லை. "அணில்கிட்ட ஒண்ணுமில்லையாம்" என்று மைனா கிளப்பிவிட, பொந்து வாசலில் கூட்டம் முண்டியது.

அணில், தானியம் அளக்கும் காலி மரக்காலைக் கவிழ்த்து, அதன்மேல் மிச்சமிருந்த பிடி கம்பைக் குவித்து வாசலில் வைத்தது. "காட்டிக் கொடுத்துடாதே" என்று மரக்காலிடம் கெஞ்சியது.

"வாயைத்தான் தரையில அமுக்கிட்டியே, நான் எங்கே பேச?" என்றது மரக்கால்.

"அடேயப்பா, கோபுரமா நிக்குதே!" என்று கூட்டம் கலைந்தது.

குருவி மட்டும் போகவில்லை. "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டாங்களே அண்ணே! குஞ்சுகளுக்கு வச்சிருந்த தானியம், இதுவும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எடுத்துக்கிட்டுப் போம்மா" என்ற அணில், போனவர்களைக் கூவி அழைத்து, மரக்காலை நிமிர்த்தி வைத்தது.