இன்னும் ஒரு கரண்டி

உளுந்தஞ்சோற்றின் நடுவே குழி பறித்து, நெய்க் கிண்ணத்தை அப்படியே கவிழ்த்தாள் ஆனந்தி. பேச்சிராஜா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இன்னும் ஒரு கரண்டி சோறு வைக்கட்டுமா?"

"வையி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் வெயிலம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. அசாமில் மலேரியாவில் கிடந்து, எலும்பும் தோலுமாக லீவில் வந்த மகனை மருமகள் தேற்றிவிட்டாள் என்று பசுவந்தனை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாவம், மருமகளின் உள்விவகாரம் அவளுக்குத் தெரியாது.

விவகாரம் இதுதான். லீவு முடிந்து ராணுவத்துக்குத் திரும்பியதும் பேச்சிராஜாவுக்கு ஒரு மெடிக்கல் டெஸ்ட். பாஸானால் ஐ.நா. படையோடு காங்கோவுக்குப் போக வேண்டும், முழுசாக ஒரு வருஷம். கல்யாணமானதிலிருந்து அவன் வீட்டில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதில் காங்கோ ஒன்றுதான் குறைச்சல்!

செய்தியைக் கேட்டதிலிருந்து ஆனந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கிய வாசலையே திரும்பவும் பெருக்கினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். அது பொங்கி வழிந்த பிறகுதான் ஓடி வந்தாள்.

கடைசியில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு செண்பகராஜைப் பிடித்தாள்.

"மாமா, அந்த டெஸ்ட்ல என்னென்ன பாப்பாங்க?"

"எல்லாந்தான். ரத்தம், கண்ணு, காது, பல்லு, ஒண்ணு விடமாட்டான். எடை கூடிட்டுன்னா அம்புட்டுதான் தாயி. எவனா இருந்தாலும் ஓரங்கட்டிருவான்."

போதாதா? மறுநாளே கோழி அடித்தாள். அப்புறம் ஆட்டுக்கறி, கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, நடுநடுவே கொறிக்கக் கடலை மிட்டாய். காலையில் ஓடப் போகிறேன் என்று அவன் எழுந்தால், "வெயிலு என்னமா அடிக்கு, பேசாமப் படுங்க" என்று தலையணையை எடுத்துப் போட்டாள். அவனும் மறுபேச்சில்லாமல் படுத்துக்கொண்டான்.

கட்டினவனுக்கே குழி பறிக்கிறோமே என்று அவளுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் உள்நாட்டில் இருந்தால் லீவு கிடைக்கும்போதாவது முகத்தைப் பார்க்கலாம். அதனால் கரண்டி நிற்கவில்லை.

ஒருநாள் கோவில்பட்டிக்குப் போன இடத்தில், செல்லத்துரை அண்ணாச்சியின் வத்தல் கடையில் மூட்டை நிறுக்கும் தராசைப் பார்த்ததும் பேச்சிராஜா தானாகவே ஏறி நின்றான்.

"ஏ யப்பா! லீவுல வந்தன்னைக்குப் பாத்ததுக்கு ஒரு சுத்து பெருத்துட்டீரே மாப்ள!" என்றார் அண்ணாச்சி.

பேச்சிராஜா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். ஆனந்தியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவன் ரயில் ஏறிப் போன பிறகு, ஆனந்தி செண்பகராஜ் வீட்டு போனையே சுற்றிச் சுற்றி வந்தாள். அதற்கு உயிர் இருக்கிறதா என்று அடிக்கடி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"நீ எடுத்து எடுத்துப் பாத்தா, அவன் கூப்பிடுதப்ப எங்கேஜால்லா இருக்கும்!" என்று அவர் சத்தம் போட்டார்.

ஒருவழியாக மணி அடித்தது. பேச்சிராஜாதான்.

"ஆனந்தி! டெஸ்ட் முடிஞ்சிட்டு. பாஸாயிட்டேன்!"

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எடை... எடை பாக்கலியா?"

"பாக்காம? ஏற்கெனவே ஒரு தடவ அதுலதான ஃபெயிலானேன். காய்ச்சல்ல இளைச்சு எடை பத்தாமப் போச்சு. ஊருக்குப் போயி உடம்ப ஏத்திட்டு வான்னுதான் லீவே குடுத்தாங்க. வெக்கமா இருந்துச்சு, அதான் உன்கிட்டச் சொல்லல."

அவனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"என்னய காங்கோவுக்கு அனுப்புதது உன் கைச்சோறுதாம்ட்டி!"