முதல் பக்கம்

முப்பத்தெட்டு வயதில் எம்.ஏ. சேர்ந்த செண்பகவல்லி, பல்கலைக்கழக நூலகத்தில் பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தில் முதல் பக்கத்தை நான்காவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் எழுந்த அலுப்பில் எழுத்துகள் கலங்கின. நாளை வகுப்பில் இந்த அத்தியாயத்தைப் பற்றி அவள் பேசியாக வேண்டும். "செல்லை வெளியே வெச்சிட்டு உக்காருங்க, படிப்பு தானா ஓடும்" என்று புது மாணவர்களுக்கு நூலகர் சொல்லியிருந்ததை நம்பி, செல்லைப் பையோடு வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பைகளை வாங்கி வைக்கும் செல்லமுத்து, ஓசைப்படாமல் வந்து அவளருகே குனிந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. பை விடாம கத்துச்சுன்னு நானே எடுத்துட்டேன். உங்க வீட்டுக்காரரு. பருப்புக்கு எத்தனை விசிலுன்னு கேக்குறாரு. லைன்லதான் இருக்காரு."

செண்பகவல்லி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடக்கையில் மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினாள். வலக்கை பக்கத்தைப் புரட்டியது.