கடலிலிருந்து கரையேறியவர்கள்

போர் நடந்த வன்னியிலிருந்து தர்மினி, கணவன் வேலை செய்யும் வடநோர்வேத் தீவுக்கு வந்த ஒன்பதாம் நாள், ஊரில் வைக்கிங் விழா நடந்தது; அந்தக் காலத்துக் கடற்கொள்ளையர் போல வேடமிட்டு நடிப்பார்கள். தாடிக்காரர்கள் மரப்படகிலிருந்து குதித்து, கோடரிகளை உயர்த்திக் கத்தியபடி கரையேறினார்கள். சனம் கைதட்டியது. தர்மினியோ பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியின் சின்ன மகளை வாரியெடுத்துக்கொண்டு ஓடி, மீன்வலைக் குவியலுக்குப் பின்னால் பதுங்கி, பிள்ளையின் வாயைப் பொத்தினாள். தாய் அலறுவது கேட்டது.

கணவன் குகதாசன் மூச்சிரைக்க ஓடிவந்து குனிந்தான். “எல்லாம் நடிப்பப்பா. பிள்ளையை விடும்.”

“எனக்கும் தெரியுது. கைதான் எடுபடுதில்லை. நீங்களே எடுத்துவிடுங்கோ.”

அவன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். மூன்றாவது விரலைப் பிரிக்கையில், பிள்ளையைத் தேடிக் கோடரிக்காரர்களும் வலைக்குவியலை நோக்கி ஓடிவந்தார்கள். பிரித்த விரல்கள் மறுபடியும் இறுகின.