மாடி வீட்டுக்காரி

"கடவுள் நம்பிக்கை இல்லாதவளை இனிமே யாரும் பிரார்த்தனைக்குக் கூப்பிடாதீங்க!"

வாசலில் கூடியிருந்த பெண்களிடம் கீழ்வீட்டு டீச்சர் சொன்னது, மாடிக்குக் குடிவந்தவளின் காதிலும் விழுந்தது. எத்தனையோ முறை அழைத்தும் வாராந்தரக் கூட்டுப் பிரார்த்தனைக்கு அவள் வந்ததேயில்லை.

"எனக்கும் சேர்த்து நீங்களே வேண்டிக்கோங்க அக்கா" என்று சிரித்தபடி படியேறினாள்.

அடுத்த மாதமே கணவனுக்கு மாற்றலாகி, வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் பிரார்த்தனைக்குக் கிளம்பிய டீச்சரின் கையை, படுக்கையிலிருந்த அப்பா பிடித்துக்கொண்டார்.

"போகாதேம்மா. தனியா இருக்க பயமா இருக்கு."

"என்னப்பா புதுசா? இத்தனை நாளும் தனியாத்தானே இருந்தீங்க?"

"எங்கே இருந்தேன்? நீ கிளம்பினதும் மாடிப்பொண்ணு வந்துடுவா. ஒருநாள் எனக்கு மூச்சு முட்டினப்ப ஓடிவந்தவ, அப்புறம் ஒரு வாரமும் தவறினதில்ல. பக்கத்துல உக்காந்து, உனக்கும் எனக்கும் சேர்த்து வேண்டிக்குவா."

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"தெரிஞ்சா நீ பிரார்த்தனைக்குப் போறதையே விட்டுடுவியாம். உனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதானாம். சொல்லவே கூடாதுன்னுட்டா."

டீச்சர் அவளுக்குப் போன் செய்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்தவளுக்கு அழுகைதான் வந்தது.

மறுமுனை பதறியது.

"ஏன்க்கா அழறீங்க? அப்பா நல்லாத்தானே இருக்கார்?"