தூக்க மருந்து சாம்பியன்

"வேம்புலி ஜெயித்தது செல்லாது!"

மைக்கில் உலகநாதன் இப்படிச் சொன்னதும் ஜெகதாம்பாள் துள்ளி எழுந்தாள். ஜெயித்தவனின் பெண்டாட்டி அவள். பரிசு பிரஷர் குக்கர். தெருவே வசூல் பண்ணி வாங்கியது.

அம்பத்தூரில் அவர்கள் தெருவுக்குள் இன்னும் ஒரு குக்கர்கூட நுழையவில்லை. ஸ்டவ்வில் பருப்பு வேகுறதுக்குள் கைக்குழந்தை ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுகிறது. மேடையில் கலர் பேப்பர் சுற்றி வைத்திருந்த பெட்டியைப் பார்த்துப் பார்த்தே, ஜெகதாம்பாள் மனசுக்குள் ஒரு வாரச் சமையலை முடித்திருந்தாள்.

காணும் பொங்கலுக்கு இளைஞர் மன்றம் நடத்திய ஸ்லோ சைக்கிள் ரேஸ் அது. காலைக் கீழே ஊன்றக் கூடாது, ரெண்டு பக்கமும் போட்ட சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. யார் கடைசியாக வந்து சேர்கிறாரோ, அவருக்குத்தான் முதல் பரிசு. வேம்புலி வந்த லட்சணத்தைப் பார்த்து, யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு ஆடு வந்து முதுகைச் சொறிந்துகொண்டு போனது.

"இன்னாத்துக்கு செல்லாது?" புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள் ஜெகதாம்பாள்.

"ஊக்க மருந்து!" மன்றச் செயலாளர் உலகநாதன், வேம்புலியின் சட்டைப் பையிலிருந்து ஒரு பாட்டிலை உருவித் தூக்கிக் காட்டினார். அடியில் கொஞ்சம் சிவப்பு மருந்து. "யாராவது பேப்பர் படிக்கிறீங்களா? போன வருஷம் ஒலிம்பிக்ல ஓடி ஜெயிச்சவன்கிட்டயே மெடலைத் திருப்பி வாங்கிட்டாங்க. நம்ம மன்றத்துக்கு ஒரு மரியாதை இல்லையா?"

"அண்ணாத்தே, அது இருமல் மருந்து," என்றான் வேம்புலி, கொட்டாவி விட்டுக்கொண்டே.

"குடிச்சா எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லு."

"தூக்கம் தூக்கமா வந்துச்சு. ரேஸ் எப்ப ஆரம்பிச்சாங்கன்னே தெரியல. எல்லாரும் கை தட்டுனப்பதான் முழிச்சேன்."

"கேட்டீங்களா! தூங்கினதாலதான் மெதுவா வந்திருக்கான்!"

"அப்போ அது தூக்க மருந்து," என்றாள் ஜெகதாம்பாள். "பேப்பர்ல போட்டது ஊக்க மருந்து. வேற மருந்துக்கு என் ஊட்டுக்காரரைப் புடிச்சா எப்படி?"

உலகநாதன் பாட்டிலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். "வேகமா ஓடுற போட்டிக்கு ஊக்கம். மெதுவா ஓட்டுற போட்டிக்குத் தூக்கம். ரெண்டும் ஒண்ணுதாம்மா!"

அதுவும் சரியாகத்தான் பட்டது கூட்டத்துக்கு. கை தட்டினார்கள்.

"ஆகவே, பரிசு ரெண்டாவதா வந்த கலியமூர்த்திக்கு!"

கலியமூர்த்தி எழுந்தான். எழுந்ததும், "லொக், லொக்!"

"நைனா, கலியமூர்த்தி! நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. நீ குடிக்கல?" என்றாள் ஜெகதாம்பாள்.

"குடிக்காம இன்னாக்கா? போகிக்குக் கொளுத்துன டயர் பொகையில தெருவே இருமிகினு கீது. டிஸ்பென்சரிக்குப் பாட்டில் எடுத்துகினு போனதே நானும் வேம்புலியும் ஒண்ணாத்தான்."

மூன்றாவதாக வந்த சுலைமான், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே கையைத் தூக்கினார். "நம்மளும் காலையில ரெண்டு மூடி."

நாலாவது ஆளை எழுப்ப முடியவில்லை. நாற்காலியிலேயே குறட்டை.

மிச்சம் இருந்தது தங்கவேல் ஒருத்தன்தான். "நான் சொட்டு மருந்துகூடத் தொடல," என்றான் பெருமையாக. ஆனால் ஸ்லோ ரேஸ் என்பதே தெரியாமல், விசில் ஊதியதும் ஒரே மிதி மிதித்து, எல்லைக் கோட்டையும் தாண்டி டீக்கடை பெஞ்சில் போய் மோதியவன் அவன். "நான் இன்னா பண்றது? விசில் சத்தம் கேட்டா என் காலு நிக்காது."

"இதோ பாருங்கண்ணே," என்றாள் ஜெகதாம்பாள். "நாலு பேரும் ஒரே மருந்தைத்தான் குடிச்சாங்க. அந்த நாலு பேர்ல கீழ உழாம கடைசியா வந்தது என் ஊட்டுக்காரர். அது ஜெயிப்பு இல்லாம வேற இன்னா?"

"அதானே!" என்றது கூட்டம். உலகநாதன் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"விளையாட்டுன்னா நேர்மை வேணும்மா! அடுத்தவங்களை ஏமாத்தி ஒரு பொருளை அனுபவிச்சா அது உடம்புல ஒட்டாது. இந்த வருஷம் பரிசு யாருக்கும் கிடையாது. அடுத்த பொங்கல் வரைக்கும் குக்கர் செயலாளர் வீட்டுல, அதாவது என் வீட்டுல, பத்திரமா இருக்கும்."

பெட்டியின் மேல் கையை வைத்தார். ஜெகதாம்பாளுக்குக் கண் கலங்கியது.

"ஒரே ஒரு தடவ தூக்கிப் பாத்துக்கிறேண்ணே."

"அதெல்லாம் வேணாம்மா. ரொம்ப கனம்."

அப்போதுதான், மேடைக்குப் பின்னால் இருந்த உலகநாதன் வீட்டிலிருந்து ஒரு சத்தம்.

"உஸ்ஸ்ஸ்ஸ்!"

தங்கவேல் சைக்கிளில் தாவி ஏறி டீக்கடைப் பக்கம் பறந்தான்.

"உஸ்ஸ்ஸ்ஸ்!"

கூட்டம் மொத்தமும் அந்த வீட்டுப் பக்கம் திரும்பியது. உலகநாதன் மைக்கை அணைக்கத் தடவினார். சுவிட்சு அகப்படவில்லை.

"உஸ்ஸ்ஸ்ஸ்!"

பின்கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி.

"ஏங்க, மூணு விசில் வந்துடுச்சு! பொட்டியில வெச்சிருக்கிற செங்கல்லை எடுத்துடுங்க, குக்கரைக் கழுவித் தந்துடறேன்!"